நத்தாருக்கு வீட்டிலேயே செய்வது: கேக், மில்க் டொபி, இஞ்சிப் பியர், நட்சத்திரக் கூடு (கொழும்புக் காற்றுக்கு ஏற்றபடி)

பன்னீர்ப்பூ எழுதியது:

மார்கழி பிறந்தால் இங்கே வருகிற கேள்விகள் அநேகமாக ஒன்றுதான். கேக்கில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, மில்க் டொபி இறுகவில்லை, இஞ்சிப் பியர் போத்தல் வெடித்தது, கூட்டுத் தாள் தொய்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் வேர் நம்முடைய வெக்கையும் ஈரமும். டிசம்பர் என்றாலும் கொழும்பில் பகல் 30 பாகை, விடியப்புறம் 22, 23. குளிர்நாட்டுச் சமையற் குறிப்புகள் வேறு காற்றுக்கு எழுதப்பட்டவை. அவற்றின் நேரக்கணக்கு இங்கே சரிவராது. ஆகவே தெரிந்தவர்கள் அளவோடும் காரணத்தோடும் எழுதுங்கள். நான் கேக்கிலிருந்து தொடங்குகிறேன்.

நம்முடைய ரிச் கேக் மாவில் செய்வதல்ல, ரவையில் செய்வது. 10 × 12 அங்குலத் தட்டு ஒன்றுக்கு: ரவை 250 கிராம், பட்டர் 250, சீனி 300, மஞ்சட்கரு 10, வெள்ளைக்கரு 4, பிளம்ஸ் (உலர்ந்த முந்திரிகைப்பழம்) 250, சுல்தானா 250, புகுல் தோசி (சீனிப்பாகில் போட்ட நீற்றுப்பூசணி) 250, பாகில் போட்ட சௌ சௌ 200, பாகில் போட்ட இஞ்சி 100, செரி 100, தோடம்பழத் தோல் 100, கஜு 250. தேன் 2 மேசைக்கரண்டி, பன்னீர் 2 மேசைக்கரண்டி, பிரண்டி கால் கோப்பை, வனிலா 2 தேக்கரண்டி. ஏலம், கறுவா, சாதிக்காய்த் தூள் தலா ஒரு தேக்கரண்டி, கராம்பு அரைத் தேக்கரண்டி. கராம்பைக் கூட்டாதீர்கள், ஒரு கிழமை போனதும் அது மற்ற எல்லா வாசத்தையும் அமுக்கிவிடும்.

ரவையை நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்து, நன்றாக ஆறிய பிறகு இளகிய பட்டரில் பிசைந்து ஓர் இரவு மூடி வையுங்கள். ரவை பட்டரைக் குடித்து ஊதவேணும். இந்த நேரத்தைச் சுருக்கினால் கேக் வெந்த பிறகும் பல்லில் நறநறக்கும். மறுநாள் மஞ்சட்கருவையும் சீனியையும் வெளிறித் தடிக்கும்வரை அடித்து, ரவைக் கலவை, பழங்கள், வாசனைப் பொருட்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கவேணும். நுரைக்க அடித்த வெள்ளைக்கரு கடைசியில், கரண்டியால் மடித்து.

பழத்தைப் பற்றி இரண்டு விஷயம். பிளம்ஸையும் சுல்தானாவையும் கழுவினால் துணியில் பரப்பி, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்த்துங்கள். புகுல் தோசி, சௌ சௌ இரண்டையும் வடிதட்டில் போட்டுப் பாகை முழுக்க வடியவிடுங்கள். அந்தத் தண்ணீர்தான் பிறகு பூஞ்சணமாக வருகிறது.

---

மாடிவீடு எழுதியது:

நன்றி அக்கா. பழங்களை மெஷினில் அரைக்கலாமா? ஒன்றரைக் கிலோவைக் கத்தியால் வெட்டுவது பெரிய வேலை. மற்றது, என்னிடம் இருப்பது மேசையில் வைக்கிற சின்ன மின் ஓவன். மேல்பக்கம் கருகி நடுப்பக்கம் வேகாமல் நிற்கிறது.

---

பன்னீர்ப்பூ எழுதியது:

அரைத்தால் பழம் களியாகிவிடும். ரவைக்கு இடையில் காற்று நிற்க இடம் இராது, கேக் அமுங்கிப்போகும். பிளம்ஸை இரண்டு மூன்று துண்டாக, புகுல் தோசியையும் இஞ்சியையும் பச்சைப்பயறு அளவுக்கு, கஜுவைச் சற்றுப் பெரிதாக வெட்டுங்கள். கத்தியில் கொஞ்சம் பட்டர் பூசினால் ஒட்டாது. இரண்டு பேர் சேர்ந்து இருந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலைதான்.

சின்ன ஓவனுக்கு: தட்டின் உட்பக்கம் பட்டர் பூசிய ஒயில் பேப்பர் இரண்டு மடிப்பு. வெளிப்பக்கம் பக்கவாட்டைச் சுற்றிப் பத்திரிகைத் தாள் நாலு மடிப்பு, நூலால் கட்டி. தாள் ஓவன் கம்பியைத் தொடக்கூடாது, அதைக் கவனமாகப் பாருங்கள். மிகச் சின்ன ஓவனில் இடைவெளி போதாது என்றால் வெளித்தாளை விட்டுவிட்டு உள்ளே ஒரு மடிப்பைக் கூட்டுங்கள். சீனி அதிகமான கலவை ஓரத்தில் முதலில் கருகும், அதற்குத்தான் இந்தத் தாள்.

கீழ்த்தட்டு, கீழ்ச்சூடு மட்டும், 150 பாகை. முக்கால் மணித்தியாலத்தில் மேலே ஓர் ஒயில் பேப்பரைத் தளர்வாக மூடி, 140க்குக் குறையுங்கள். மொத்தம் ஒன்றேமுக்கால் முதல் இரண்டு மணித்தியாலம். ஓவனுக்குள் வைக்கிற வெப்பமானி ஒன்று வாங்கினால் நல்லது. சின்ன ஓவன்களின் திருகு சொல்கிற சூடும் உள்ளே உள்ள சூடும் ஒத்துப்போவது குறைவு.

ஈர்க்குக் குத்திப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இந்தக் கேக்கில் ஈர்க்கு சுத்தமாக வரவே வராது, பழம் ஒட்டும். அது சுத்தமாக வரும்வரை வைத்தால் கேக் காய்ந்துவிடும். நடுவில் விரலால் அழுத்தினால் மெல்ல எழும்பவேணும், ஓரம் தாளைவிட்டு ஒரு நூல் விலகியிருக்கவேணும். அது போதும்.

---

போறணைச்சூடு எழுதியது:

ஓவன் இல்லாத ஆக்கள் பக்கத்து பேக்கரியிலை கேட்டுப் பாருங்கோ. தட்டுக்கு இவ்வளவு எண்டு வாங்கிச் சுட்டுக் குடுக்கிற இடங்கள் இருக்கு. ஆனா பாண் வேகிற நேரம் தட்டைக் குடுக்கக் கூடாது. விறகுப் போறணை பாணுக்கு 220 பாகைக்கு மேலை நிக்கும், உங்கடை கேக் அரை மணித்தியாலத்திலை கரியாகிடும். கடைசிப் பாண் இறங்கி, போறணை தணிஞ்ச பிறகுதான் ரிச் கேக்குக்குச் சரியான சூடு. கொஞ்ச மாவை உள்ளை தூவிப் பாத்தால் தெரியும்: உடனை கறுத்தால் இன்னும் பொறுக்கவேணும், மெல்லப் பொன்னிறமாய் மாறினால் வைக்கலாம். தட்டிலை பேரை எழுதி ஒட்டுறதை மறக்காதேங்கோ, அந்தக் கிழமை எல்லாத் தட்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

---

கொட்டாஞ்சேனை13 எழுதியது:

பிரண்டி சேர்க்காத வீடுகளும் உண்டு. அவர்கள் என்ன செய்வது?

---

பன்னீர்ப்பூ எழுதியது:

இஞ்சி ஊறிய பாகு 2 மேசைக்கரண்டி, தோடம்பழச் சாறு 2 மேசைக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டி தேன். வாசத்துக்கு இது போதும். ஆனால் பழத்தை அதில் ஓர் இரவுக்கு மேல் வெளியில் ஊறவைக்க வேண்டாம், எங்கள் வெக்கையில் புளிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பிரண்டி சேர்த்த கேக் காற்றுப்புகாத டப்பாவில் வாரக்கணக்கில் இருக்கும். பிரண்டி இல்லாததை வெளியில் ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள், மிச்சம் பெட்டிக்குள்.

இரண்டிலும் ஒரே விதி: இளஞ்சூடு இருக்கும்போது மூடாதீர்கள். கேக் தட்டிலேயே இரவு முழுக்க ஆறட்டும், மேலே மெல்லிய துணி போதும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் படிந்து சொட்டும், மூன்றாம் நாள் தாளின் மடிப்போரம் வெள்ளைப் புள்ளி. மறுநாள் 2 × 1 அங்குலமாக வெட்டினால் 60 துண்டு. முதலில் ஒயில் பேப்பர், அதன்மேல் நிறச் செலபேன். ஒயில் பேப்பரை விட்டுவிட்டால் தேன் கசிந்து செலபேன் கேக்கோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மேற்பரப்பு உரிந்துவரும். இரண்டு பக்க மடிப்பையும் அடியில் செருகுங்கள், ஒட்டுநாடா தேவையில்லை.

கஜு ஐசிங் போடுபவர்கள்: கஜு 250, ஐசிங் சீனி 400, தேன் ஒரு மேசைக்கரண்டி, பிசைய வேண்டிய அளவு பன்னீர். கஜுவைத் தனியாக அரைத்தால் எண்ணெய் கக்கிவிடும். ஐசிங் சீனியில் பாதியைச் சேர்த்து, விட்டுவிட்டு அரையுங்கள். மிஞ்சுகிற 6 வெள்ளைக்கருவை மூடிய கிண்ணத்தில் குளிராக வைத்து இரண்டு நாளுக்குள் மெரேங்குக்கு எடுக்கலாம். மெரேங்கை மட்டும் மழைநாளில் தொடவேண்டாம்.

---

மாடிவீடு எழுதியது:

மில்க் டொபி கேள்வி. ஒருமுறை பாறை மாதிரி வருகிறது, ஒருமுறை களி மாதிரி. அளவு ஒன்றுதான். ஏன்?

---

கடற்காற்று எழுதியது:

அளவில் பிழை இல்லை, நிறுத்துகிற நேரத்தில்தான் பிழை. ஒரு டின்பாலுக்குச் சீனி 500 கிராம், தண்ணீர் அரைக் கோப்பை, பட்டர் 50 கிராம், கஜு 100 கிராம், வனிலா ஒரு தேக்கரண்டி. அடி கனமான, வாய் அகன்ற பாத்திரம். கலவை பொங்கி மேலெழும், ஆகவே பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது.

முதலில் சீனியும் தண்ணீரும் மட்டும், சீனி ஒரு மணியும் மிச்சமின்றிக் கரையும்வரை. கரையாமல் டின்பாலை ஊற்றினால் டொபி மணல்மணலாக வரும். பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டுகிற சீனியை ஈரத் தூரிகையால் துடைத்துவிடுங்கள். பிறகு டின்பால், நடுத்தர நெருப்பு, கை ஓயாமல் கிண்டவேணும். அடியைச் சுரண்டுகிற தட்டையான மரக்கரண்டி வேணும், வட்டக் கரண்டி மூலையை விட்டுவிடும், அந்த மூலையில் பால் பிடித்துக் கறுப்புத் துணுக்காகக் கலக்கும்.

இருபது நிமிடம் அளவில் நிறம் மாறத் தொடங்கும். அப்போது பட்டரும் கஜுவும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் விரலில் உருட்டக்கூடிய, அழுத்தினால் சற்றே எதிர்க்கிற உருண்டையாக வரவேணும். வெப்பமானி இருந்தால் 116 முதல் 118 பாகை. உருண்டை தட்டையாகச் சரிந்தால் அது களி. 'டக்' என்று தட்டினால் அது பாறை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நேரம் இரண்டு நிமிடம்கூட இல்லை. கரண்டியை இழுத்தால் அடி ஒரு கணம் தெரிந்து மூடும், ஓரம் வெளிறிக் காயத் தொடங்கும். அந்த இடத்தில் இறக்கி, வனிலா விட்டு, இன்னும் ஒரு நிமிடம் கிண்டி, பட்டர் பூசிய தட்டில் கொட்டுங்கள்.

கொட்டியதும் ஒயில் பேப்பரை மேலே வைத்து அடி தட்டையான கோப்பையால் தேய்த்தால் மேற்பரப்பு மினுங்கும். பத்து நிமிடத்தில் கத்தியால் கோடு போடவேணும். முழுக்க ஆறிய பின் வெட்டினால் நொருங்கும்.

இனி ஈரம். சீனி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கொழும்பில் ஈரப்பதம் ஆகக் குறைகிற நேரம் பிற்பகல், 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில். டொபியை அப்போது செய்து, ஆறிய கையோடு சுற்றி டப்பாவில் போடுங்கள். இரவில் செய்து விடியும்வரை திறந்து வைத்தால் சரியாக இறக்கிய டொபிகூடப் பிசுபிசுக்கும்.

---

கொட்டாஞ்சேனை13 எழுதியது:

இறுகாததை எறியவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாத்திரத்தில் திரும்பப் போட்டு நாலு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மெல்லிய நெருப்பில் கரைத்து மறுபடி அதே பதத்துக்குக் கொண்டுவரலாம். பாறையாய்ப் போனதுக்கும் இதே வைத்தியம், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூட.

இஞ்சிப் பியருக்கு வருகிறேன். 4 லீற்றருக்கு: பச்சை இஞ்சி 250 கிராம், சீனி 400 கிராம், தேசிக்காய் 3, கராம்பு 6, கறுவாப்பட்டை ஒன்று, பிளம்ஸ் ஒரு கைப்பிடி, ஈஸ்ட் கால் தேக்கரண்டி. இஞ்சியை மண்போகக் கழுவி, நசுக்கி, ஒரு லீற்றர் தண்ணீரில் சீனி, கராம்பு, கறுவாவோடு 15 நிமிடம் கொதிக்கவைத்து வடியுங்கள். மிச்சம் 3 லீற்றரும் கொதித்து ஆறிய தண்ணீர். எல்லாம் கைச்சூட்டுக்கு வந்த பிறகே தேசிச்சாறும் ஈஸ்டும். சுடச்சுடப் போட்டால் ஈஸ்ட் செத்துப்போகும், நுரையே வராது.

போத்தல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கண்ணாடி வேண்டவே வேண்டாம். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலைக் கழுவி எடுங்கள். சோடாவின் அழுத்தத்துக்கென்று செய்தது, அதோடு விரலால் அழுத்திப் பார்க்கவும் முடியும். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பி மூடுங்கள். குளிர்நாட்டுக் குறிப்பில் நாலைந்து நாள் என்று இருக்கும். இங்கே 24 முதல் 36 மணித்தியாலம். விரலுக்கு இளகாமல் போத்தல் விறைத்தவுடன் குளிர்சாதனப் பெட்டி. குளிரில் ஈஸ்ட் அநேகமாக உறங்கும், முழுக்க நிற்காது. ஆகவே ஒரு கிழமைக்குள் குடித்துவிடுங்கள். திறக்கும்போது மூடியை ஒரேயடியாகத் திருகாமல் கால் சுற்றுத் திருப்பிக் காற்றை விடுங்கள்.

---

மாடிவீடு எழுதியது:

சின்னப்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

---

கொட்டாஞ்சேனை13 எழுதியது:

ஈஸ்ட் போட்டதில் கொஞ்சமாவது மதுசாரம் உண்டாகும், நாள் போகப் போகக் கூடும். பிள்ளைகளுக்கு ஈஸ்ட் போடாமல் ஒரு லீற்றர் தண்ணீரில் அதே சாறைக் கெட்டியாகக் காய்ச்சி, தேசி பிழிந்து, கொடுக்கும்போது சோடா கலந்து கொடுங்கள். மணம் அதேதான்.

---

ஈர்க்குக்கட்டு எழுதியது:

சாப்பாடு போதும், கூட்டுக்கு வருவோம். கடையில் மடக்கி வைத்திருக்கிற பிளாஸ்டிக் நட்சத்திரத்தைவிட மூங்கிலில் கட்டிய ஐங்கோண நட்சத்திரத்தின் வெளிச்சம் அழகு. கணக்குத் தெரிந்தால் ஒரு நாள் வேலை.

30 அங்குலம் நீளமான மூங்கில் கீலம் 10, சுண்டுவிரலில் பாதித் தடிப்பு, கணுவைச் செதுக்கி. 6 அங்குலக் குச்சி 5. ஐந்து கீலத்தால் ஒரு நட்சத்திரம், மற்ற ஐந்தால் இன்னொன்று. எல்லாருக்கும் பிழைக்கிற இடம் குறுக்குச் சந்திகள். கண்ணால் மதித்துக் கட்டினால் ஒரு முனை நீண்டு ஒரு முனை குட்டையாகிவிடும். ஒவ்வொரு கீலத்திலும் இரு முனையிலிருந்தும் பதினொன்றரை அங்குலத்தில் பென்சிலால் குறியுங்கள், நடுவில் 7 அங்குலம் மிஞ்சும். குறியும் குறியும் சந்திக்கிற இடத்தில்தான் கட்டு. வேறு அளவில் செய்பவர்கள் நீளத்தை 0.382ஆல் பெருக்கினால் குறி வரும்.

இரண்டு நட்சத்திரத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, ஐந்து உட்சந்திகளிலும் 6 அங்குலக் குச்சியை இடையில் நிறுத்துங்கள். கூடு உப்பி நிற்கும். ஈர நூலால் கட்டினால் காய்ந்ததும் இறுகும்.

தாள் மொத்தம் 22 துண்டு. முன்பின் முனைகளுக்குப் பத்து முக்கோணம்: பக்கம் பதினொன்றரை, அடி 7. பக்கவாட்டுக்குப் பத்து: பக்கம் அதே பதினொன்றரை, அடி 6. நடுவில் முன்னுக்கும் பின்னுக்கும் ஐங்கோணம் இரண்டு. மடிப்புக்கு எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூட வெட்டுங்கள். பின் ஐங்கோணத்தின் மேல்மடிப்பை மட்டும் ஒட்டி விட்டால் பல்ப் மாற்றக் கதவு மாதிரித் திறக்கலாம்.

---

கடற்காற்று எழுதியது:

டிசு பேப்பரா, செலபேனா? வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் டிசு இரண்டே நாளில் தொய்கிறது.

---

ஈர்க்குக்கட்டு எழுதியது:

வெளிச்சம் பரவுவதற்கு டிசுவுக்கு நிகரில்லை. செலபேனில் பல்ப் பளிச்சென்று கண்ணில் குத்தும், உள்ளே இருக்கிற வயர்கூடத் தெரியும். கூரைக்கு உள்ளே தொங்குவதற்கு டிசு. திறந்த பல்கனிக்கு, அதுவும் கடற்பக்கம், உள்ளே வெள்ளை டிசு, வெளியே நிறச் செலபேன் என்று இரட்டையாக ஒட்டுங்கள். தாளை இழுத்து விறைப்பாக ஒட்டாமல், ஒட்டி முடிந்து பசை காய்ந்த பின் தண்ணீரை மெல்லிய பனியாகத் தெளித்தால் டிசு தானாக இறுகும். செலபேனுக்கு இது செய்யமுடியாது, அதை இழுத்துத்தான் ஒட்டவேணும்.

கோதுமைமாப் பசை கரப்பானையும் வெள்ளிப்பூச்சியையும் கூப்பிடும். அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கிற கூடு என்றால் தச்சர் பாவிக்கிற வெள்ளைப் பசை. பல்ப் 5 வாட்ஸ் எல்ஈடி, சூடாகிற பழைய கம்பி பல்ப் வேண்டாம். வயர் கூட்டுக்குள் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும், பிடிக்குள் இறங்காது.

---

போறணைச்சூடு எழுதியது:

பாலன் குடிலுக்குப் பச்சைப் புல் வேணுமெண்டால் இப்ப ஆயத்தம் செய்யவேணும். நெல்லை ஒரு நாள் ஊறவைச்சு, ஈரச் சாக்கிலை கட்டி முளை எட்டிப் பாத்ததும், தட்டையான தட்டிலை ஒரு அங்குல மண்ணிலை நெருக்கமாய்த் தூவுங்கோ. டிசம்பர் 13, 14இலை தூவினால் 24ஆம் திகதி குடிலுக்கு வைக்க மூண்டு நாலு அங்குலம் நிக்கும். பயறு போடாதேங்கோ, வெளிச்சம் குறைஞ்ச வீட்டுக்குள்ளை வெளிறி நீண்டு சரிஞ்சு விழும். தண்ணியை ஊத்தாமல் தெளிக்கவேணும், மண் அழுகினால் குடில் முழுக்க மணக்கும். நத்தார் முடிஞ்சும் ஜனவரி 6 வரை குடிலை வைக்கிற வீடுகள் புல்லைப் பாதி உயரத்துக்குக் கத்தரிச்சு விட்டால் திரும்ப வளரும்.

---

பன்னீர்ப்பூ எழுதியது:

நல்ல குறிப்பு. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து சாப்பிடுவதற்கு யாராவது புரூடர் (மஞ்சட்கருவும் பட்டரும் சேர்த்த இனிப்புப் பாண்) எழுதுவீர்களா? பறங்கியர் வீடுகளிலிருந்து கொழும்பு முழுக்கப் பரவியதுதான், ஆனால் இப்போது அநேகமாகக் கடையில்தான் வாங்குகிறார்கள்.

---

போறணைச்சூடு எழுதியது:

லேசான வேலை அக்கா, கைதான் கொஞ்சம் நோகும். பேக்கரியிலை ஒருக்கால் பொங்கின பாண் மா 500 கிராம் வாங்குங்கோ, அதுதான் பழைய முறை. பட்டர் 125, சீனி 100, மஞ்சட்கரு 4, சுல்தானா 75. மஞ்சட்கருவை ஒவ்வொண்டாய்ப் போட்டுக் கையாலை பிசையவேணும். முதல் ரெண்டுக்கும் மா வழுக்கிக்கொண்டு நூல்நூலாய்ப் பிரியும், கெட்டுப்போச்செண்டு மா சேர்க்காதேங்கோ. ஒரு அஞ்சு நிமிசம் விடாமல் பிசைஞ்சால் திரும்பச் சேரும். பிறகு சீனியும் இளகின பட்டரும் கொஞ்சங் கொஞ்சமாய், கடைசியிலை சுல்தானா.

சீனியும் பட்டரும் கூடினால் ஈஸ்ட் மெதுவாய்த்தான் வேலை செய்யும். பட்டர் நல்லாய்ப் பூசின நெளிவு அச்சிலை பாதி மட்டும் நிரப்பி, முக்காலுக்கு மேலை வரும்வரை வையுங்கோ, ஒண்டரை ரெண்டு மணித்தியாலம் எடுக்கும். வெயிலிலை வைச்சு அவசரப்படுத்தினால் பட்டர் உருகிப் பிரிஞ்சு அடியிலை நிக்கும். 180 பாகையிலை 35, 40 நிமிசம். சூட்டோடை வெட்டாமல் ஆறவிட்டு, தடிப்பாய் வெட்டி, பட்டர் பூசி, ஈடாம் சீஸும் கோழிக்கூட்டு வாழைப்பழமும் வைச்சுச் சாப்பிடுங்கோ. சீஸின்ரை உப்பு இல்லாட்டி புரூடர் வெறும் இனிப்புப் பாண்தான்.

---

மாடிவீடு எழுதியது:

அச்சு இல்லாவிட்டால்?

---

போறணைச்சூடு எழுதியது:

நடுவிலை குழாய் உள்ள கேக் தட்டு எதுவும் சரி. அதுவும் இல்லாட்டி வட்டத் தட்டின்ரை நடுவிலை, வெளிப்பக்கம் பட்டர் பூசின, ஓவன் சூடு தாங்குற ஒரு சின்ன உலோகக் கோப்பையைக் கவிழ்த்து வையுங்கோ. கோப்பைக்குள்ளை காற்று விரிஞ்சு தூக்காமல் அடியிலை ஒரு சின்ன ஓட்டை போடவேணும். நடு வேகிறதுக்குத்தான் அந்தக் குழாய், அலங்காரத்துக்கு இல்லை.